கேஷ் வேன் வேலைக்குக் கவசம்: பிளேட்டும் கேரியரும் பார்த்து வாங்குவது எப்படி?

மதுரையில் கேஷ் வேனுக்கும் நகைக்கடைக் காவலுக்கும் புதிதாக வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, துப்பாக்கி லைசென்ஸோடு கன்மேனாகச் சேருகிறவர்கள் ஒரு வகை. டிரைவராகவோ, பணத்துக்குப் பொறுப்பேற்கும் கஸ்டோடியனாகவோ சேரும் இளவட்டங்கள் இன்னொரு வகை. முதல் வகைக்குப் புல்லட் புரூஃப் ஜாக்கெட் புதிதல்ல. ஆனால் ஸ்டோரில் கொடுத்ததை மாட்டிப் பழக்கமே தவிர, பார்த்துப் பொறுக்கி வாங்கிப் பழக்கமில்லை. இளவட்டங்கள் போனில் படம் பார்த்து, எது கனமாகவும் மிரட்டலாகவும் தெரிகிறதோ அதைக் கேட்கிறார்கள். இரண்டு பேரும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். சித்திரை வெயில் தொடங்கியதும் ஜாக்கெட் வேன் சீட்டுக்கு அடியில் கிடக்கும்.

பிளேட் என்பது ஜாக்கெட்டில் செருகும் கெட்டியான தகடு, கேரியர் அதைத் தாங்கும் மேலுடுப்பு, துணிப்பேனல் குண்டைத் தாங்கும் நார் அடுக்கு. சீட்டுக்கு அடியில் கிடக்கும் தடித்த பிளேட்டைவிட நெஞ்சில் இருக்கும் மெல்லிய ஜாக்கெட் மேல். எது அதிகமாகத் தாங்கும் என்று கேட்பதற்கு முன்னால், எதை ஷிஃப்ட் முழுக்கக் கழற்றாமல் போட்டிருப்பேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியையும் அந்தக் கேள்வியோடுதான் படிக்க வேண்டும்.

எதிரில் வரக்கூடியது எது?

வேலையின் சட்ட வரம்பை முதலில் பார்ப்போம். மத்திய உள்துறை 2018இல் கொண்டுவந்த பண வாகன விதிகளின்படி, ஒரு வேனில் டிரைவரோடு துப்பாக்கி ஏந்திய காவலர் இருவர், கஸ்டோடியன் இருவர் இருக்க வேண்டும். ஒரு வேனில் 5 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றக் கூடாது. நகரத்தில் இரவு 9 மணிக்கு மேலும், கிராமப்புறத்தில் மாலை 6 மணிக்கு மேலும் ஏடிஎம்மில் பணம் வைக்கக் கூடாது. ஆக, மேலூர், உசிலம்பட்டி பக்கம் போகிற வண்டியின் வேலை கிட்டத்தட்ட முழுக்கப் பகல் வெயிலில்தான். கவசம் வாங்கும்போது இதை மறக்காதீர்கள்.

அடுத்து ஆயுதம். நம் பக்கம் கொள்ளைக்காரன் கையில் இருக்கச் சாத்தியமுள்ளவை அரிவாள், கத்தி, நாட்டுத் துப்பாக்கி, கள்ளக் கைத்துப்பாக்கி. ராணுவ ரைஃபிள் வர வாய்ப்பு மிகக் குறைவு. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவும் ஏகே ரகத்தின் 7.62×39 தோட்டாவும் எடையில் ஏறக்குறைய ஒன்று, சுமார் 8 கிராம். ஆனால் முதலாவது நொடிக்கு 400 மீட்டர் அளவில் வரும், இரண்டாவது 700 மீட்டரைத் தாண்டி வரும். வேகம் இரண்டு மடங்கை நெருங்கும்போது சக்தி மூன்று மடங்குக்கு மேல் போய்விடுகிறது. கைத்துப்பாக்கியைத் துணி அடுக்கே நிறுத்திவிடும். ரைஃபிளை நிறுத்தக் கெட்டியான பிளேட் வேண்டும்.

அரிவாள் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். குண்டைத் தாங்குகிற ஜாக்கெட் கத்திக்குத்தையும் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டா மழுங்கிப் பரவுவதால் நார்களில் சிக்குகிறது. கூரான கத்திமுனை நார்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். குத்துக்கென்று தனிச் சோதனைத் தரம் இருக்கிறது, அமெரிக்காவின் என்.ஐ.ஜே. 0115. இரண்டையும் தாங்கும் ஜாக்கெட் வேண்டுமானால் லேபிளில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே இருந்தாலும் கழுத்து, தோள், கை எல்லாம் வெளியேதான் இருக்கும். அரிவாள் பெரும்பாலும் அங்கேதான் இறங்கும். அதற்கு மருந்து தூரம்தான், ஜாக்கெட் இல்லை.

லெவல் எண்களைப் படிக்கும் விதம்

கடைக்காரர்கள் இரண்டு கணக்கில் பேசுவார்கள். ஒன்று என்.ஐ.ஜே., அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனம் வகுத்தது. இன்னொன்று நம் நாட்டு ஐ.எஸ். 17051, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். 2018இல் வெளியிட்டது.

பழைய என்.ஐ.ஜே. 0101.06 கணக்கில் 2ஏ, 2, 3ஏ மூன்றும் கைத்துப்பாக்கிக்கு. 3ஏ என்றால் .44 மேக்னம் வரை நிறுத்தும். லெவல் 3 பிளேட், பழைய ராணுவ ரைஃபிளான எஸ்.எல்.ஆர். பிடித்தவர்களுக்குத் தெரிந்த 7.62×51 சாதாரணத் தோட்டாவை நிறுத்தும். லெவல் 4, உள்ளே கடினமான எஃகு வைத்த கவசம் துளைக்கும் தோட்டா ஒன்றை நிறுத்தும். 2023இல் வந்த 0101.07 இந்தப் பெயர்களை மாற்றிவிட்டது. லெவல் 2 இருந்த இடத்தில் எச்.ஜி.1, 3ஏ இடத்தில் எச்.ஜி.2, 3 இடத்தில் ஆர்.எஃப்.1, 4 இடத்தில் ஆர்.எஃப்.3. நடுவில் ஆர்.எஃப்.2 என்று ஒன்றைப் புதிதாகச் செருகினார்கள். காரணம் உண்டு. பழைய லெவல் 3 பிளேட்டுகள் சில, கனமான 7.62 தோட்டாவை நிறுத்திவிட்டு, முனையில் எஃகு வைத்த சின்ன 5.56 தோட்டாவுக்கு வழிவிட்டன. எண் பெரிதாக இருந்தால் எல்லாம் நிற்கும் என்று நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஐ.எஸ். 17051இல் ஆறு நிலைகள். கைத்துப்பாக்கியிலிருந்து தொடங்கி, ஆறாவது நிலையில் 7.62×54ஆர் கவசம் துளைக்கும் தோட்டா வரை போகிறது. அந்த ஆறாவது நிலைக்குக் கான்பூரிலுள்ள டி.ஆர்.டி.ஓ. என்ற ராணுவ ஆராய்ச்சி அமைப்பின் ஆய்வகம் 2024இல் ஒரு பிளேட்டை அறிவித்தது. தனியாகப் போடும் வகையில் சதுர மீட்டருக்கு 43 கிலோவுக்குக் குறைவு என்றார்கள். 24×32 செ.மீ. பிளேட்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூன்று கிலோ வரும். முன்னும் பின்னும் இரண்டு, கேரியர், துணிப்பேனல் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். நாட்டிலேயே லேசானது என்று சொல்லப்பட்டதே இவ்வளவு கனம்.

லெவல் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வரி இருக்கும், அதைப் பலர் படிப்பதே இல்லை. சில பிளேட்டுகள் தனியாகவே நிறுத்தும், அவற்றை ஸ்டாண்ட்அலோன் என்பார்கள். சில பிளேட்டுகள் பின்னால் 3ஏ துணிப்பேனல் இருந்தால்தான் லேபிளில் சொன்ன வேலையைச் செய்யும். இவற்றில் ‘ஐ.சி.டபிள்யூ.’ என்று போட்டிருக்கும். இந்த இரண்டாவது வகையைத் துணிப்பேனல் இல்லாத கேரியரில் செருகிக்கொண்டு திரிவது, லேபிளை மட்டும் மாட்டிக்கொண்டு திரிவது மாதிரி.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். டவுனுக்குள்ளேயே ஓடும் வேனுக்கும் தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடை வாசலுக்கும் 3ஏ அல்லது எச்.ஜி.2 துணி ஜாக்கெட் போதும். நெடுஞ்சாலையில் பெரிய தொகையோடு போகும் வண்டிக்கு, அதே ஜாக்கெட்டோடு பிளேட் செருகும் பையும் இருக்கட்டும். நிறுவனம் ஆபத்து அதிகம் என்று சொல்லும் நாளில் பிளேட்டைச் செருகிக்கொள்ளலாம். தினமும் லெவல் 4 போட்டுக்கொண்டு நிற்பது வீரமாகத் தெரியலாம், ஆனால் சாயங்காலம் ஆகும்போது கவனம் சிதறிப்போயிருக்கும்.

எஃகா, பீங்கானா, பாலிஎத்திலீனா?

எஃகு மலிவு, மெல்லிசு, விழுந்தாலும் உடையாது. எனக்கு அது பிடிப்பதில்லை. கனம் ஒரு காரணம். பெரிய காரணம், எஃகில் மோதிய தோட்டா பொடிப்பொடியாகச் சிதறி, பிளேட்டின் முகத்தோடு ஒட்டியபடி நாலாபக்கமும் பறக்கும். மேலே தொண்டை, தாடை, பக்கத்தில் கைகள். சிதறலைப் பிடிக்க ரப்பர் மாதிரிப் பூச்சு அடித்து விற்கிறார்கள். ஓரிரு குண்டுக்குப் பிறகு அந்தப் பூச்சை நம்ப முடியாது.

பீங்கான் என்றால் சாப்பாட்டுத் தட்டுப் பீங்கான் இல்லை. அலுமினா, சிலிக்கான் கார்பைடு, போரான் கார்பைடு இவற்றில் ஒன்று. இந்த வரிசையில் கனம் குறையும், விலை ஏறும். தோட்டாவின் கடினமான கருவைப் பீங்கான் நொறுக்கும், தானும் அந்த இடத்தில் நொறுங்கும், பின்னாலிருக்கும் நார் அடுக்கு சிதறலைப் பிடித்துக்கொள்ளும். எஃகுக் கரு வைத்த தோட்டாவுக்கு இதுதான் சரி. கீழே போட்டால் உள்ளுக்குள் விரிசல் விடலாம், வெளியே தெரியாது என்பது மட்டும் குறை.

பாலிஎத்திலீன் பிளேட்டுதான் மூன்றிலும் லேசு, அந்தப் பொருள் தண்ணீரில் மிதக்கும். ஒன்றரைக் கிலோ அளவிலேயே கிடைக்கும். இதற்கு இரண்டு பகைவர்கள்: எஃகு முனைத் தோட்டா, சூடு. மே மாதம் மாட்டுத்தாவணியில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வேனுக்குள் டாஷ்போர்டு மேல் கை வைக்க முடியாது, தெரியும்தானே? அந்தச் சூட்டில் இந்தப் பிளேட்டை நாள்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது.

அளவு எடுக்கும் முறை

சட்டை அளவு வேறு, பிளேட் அளவு வேறு. எக்ஸ்.எல். சட்டை போடுகிறவருக்கு எக்ஸ்.எல். பிளேட் என்று கணக்குப் பண்ணக் கூடாது. தொப்பை பெரிதானால் நெஞ்செலும்பு பெரிதாவதில்லை. பிளேட்டின் வேலை இதயத்தையும் அதிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்களையும் மறைப்பது. அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நேரமே தராத இடம் அது. வயிற்றில் பட்டால் ஆபத்துதான், ஆனாலும் அறுவை மேசை வரை போக வாய்ப்பு உண்டு. அதனால் பிளேட்டை மேலே ஏற்றித்தான் வைக்க வேண்டும், தொப்புளை மூட இறக்கக் கூடாது.

ஒரு இஞ்சு டேப் எடுத்துக்கொண்டு, நேராக நின்று, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். அகலத்துக்கு ஒரு மார்புக்காம்பிலிருந்து இன்னொன்று வரை. உயரத்துக்குத் தொண்டைக்குழியிலிருந்து, அதாவது இரண்டு காறை எலும்பும் சேரும் பள்ளத்திலிருந்து, தொப்புளுக்கு இரண்டு மூன்று விரல் மேல் வரை. வந்த அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளேட் உங்களுடையது.

சந்தையில் அதிகம் புழங்குவது 10×12 இஞ்சு, ஏறக்குறைய 25×30 செ.மீ. அமெரிக்க ராணுவ அச்சில் செய்த பிளேட்டுகளில் மீடியம் என்பது 9.5×12.5 இஞ்சு, ஸ்மால் 8.75×11.75. நம் ஊர் உடம்புக்கு இந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் பொருந்திவிடும். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால், வேனில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர் சின்னதை எடுக்கட்டும்.

வெட்டும் வளைவும் அடுத்த விஷயம். மேல் இரு மூலையையும் சாய்த்து வெட்டியிருப்பதை ஷூட்டர் கட் என்பார்கள். துப்பாக்கிக் கட்டை தோளில் சரியாக உட்காரும். இரட்டைக்குழல் பிடிக்கிற கன்மேனுக்கு இதுதான். இன்னும் ஆழமாக வெட்டிய ஸ்விம்மர் கட் கைக்கு வசதி, ஆனால் மறைப்பு குறையும். டிரைவருக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். ஒரே திசையில் மட்டும் வளைந்த பிளேட் மலிவு. பல திசையிலும் வளைந்தது நெஞ்சோடு ஒட்டி உட்காரும். காசு கொஞ்சம் கூடப் போனாலும் இரண்டாவதையே வாங்குங்கள். தட்டையான பிளேட் நாலு மணி நேரத்தில் விலா எலும்பில் தன் ஓரத்தை எழுதிவிடும். பெண் காவலர்களுக்கு ஆண்களின் துணிப்பேனலைக் கொடுத்துச் சமாளிப்பது தவறு. நெஞ்சில் இடைவெளி விழும், பக்கவாட்டில் தூக்கிக்கொள்ளும். அவர்களுக்கென்று வடிவம் கொடுத்துத் தைத்த பேனல்கள் இருக்கின்றன, கேட்டு வாங்க வேண்டும்.

கேரியர்

பிளேட்டை முதலில் முடிவு செய்யுங்கள், கேரியர் அப்புறம். பிளேட் பைக்குள் ஆடக் கூடாது. மீடியம் பிளேட்டை லார்ஜ் பையில் போட்டால் குனிந்து எழும்போது கீழே இறங்கி நிற்கும். அப்படி மேலே திறந்துவிடும் இடத்தில்தான் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன.

பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். தோள் பட்டை அகலமாக, மெத்தை வைத்து இருக்கட்டும். இடுப்பைச் சுற்றும் பட்டை வெல்க்ரோவை மட்டும் நம்பாமல் பக்கிளும் சேர்த்து இருந்தால் நல்லது. வியர்வையும் பஞ்சும் சேர்ந்த வெல்க்ரோ சீக்கிரம் பிடி விட்டுவிடும். அவசரத்தில் ஒரே இழுப்பில் கழற்றும் வசதி வேண்டும். முதுகில் பிடித்து இழுக்கக் கெட்டியான கைப்பிடி வேண்டும், அடிபட்டவரை வேனுக்குள் இழுத்துப்போட அதுதான் உதவும். உள்பக்கம் காற்றோட்ட வலை இருந்தால் நம் ஊருக்கு உத்தமம்.

நிறம் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டம் 2005, ராணுவம், போலீஸ் உடுப்பு மாதிரித் தெரியும் உடுப்பைக் காவலர்களுக்குத் தடுக்கிறது. படத்தில் அழகாகத் தெரிகிறது என்று பச்சைப் புள்ளிப் புள்ளியாக ஒன்றை வாங்கிவிட்டுப் பிறகு முழிக்காதீர்கள். கறுப்பு வெயிலை வாங்கும். சாம்பல் நிறமோ கருநீலமோ போதும்.

பட்டை நீளத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் சட்டை தைக்கிறவரிடம் கொடுக்காமல், ஸீட் கவர், ரெக்ஸின் பை தைக்கிறவரிடம் கொடுங்கள். தடித்த நைலான் நூல், கனமான மெஷின் அவரிடம்தான் இருக்கும். துணிப்பேனலின் உறையை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது, ஊசியும் போடக் கூடாது.

மாட்டிப் பார்ப்பது

வேலைக்குப் போடும் பனியன், யூனிஃபார்மோடு மாட்டிப் பாருங்கள். முதலில் தோள் பட்டையைச் சரிசெய்து, முன் பிளேட்டின் மேல் விளிம்பு தொண்டைக்குழிக்கு நேராக வரும்வரை ஏற்றுங்கள். பின் பிளேட் அதே மட்டத்தில் இருக்கட்டும். பிறகுதான் இடுப்புப் பட்டை. நன்றாக மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு கட்ட வேண்டும். “அண்ணே, இறுக்கமா இருக்கே” என்று புதுப் பையன்கள் சொல்வார்கள். மூச்சு முட்டினால் தளர்த்தலாம் தம்பி. புதுசாக இருக்கிறது என்பதற்காகத் தளர்த்தக் கூடாது.

அடுத்து வேனின் சீட்டில் உட்காருங்கள். கடையில் நின்றபடி பார்த்து வாங்கியவர்கள் ஏமாறுவது இங்கேதான். உட்காரும்போது பிளேட்டின் கீழ் விளிம்பு தொப்பையிலோ தொடையிலோ இடித்து, மேல் விளிம்பு தொண்டையைக் குத்தினால் பிளேட் நீளம் அதிகம். பட்டையை இறக்கி அதைச் சரிக்கட்டாதீர்கள், பிளேட்டை மாற்றுங்கள். சீட் பெல்ட் போட முடிகிறதா, டிரைவர் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்க முடிகிறதா, ஏடிஎம் கேசட்டை, அதாவது பணப்பெட்டியை, தரையிலிருந்து தூக்க முடிகிறதா, துப்பாக்கியைத் தோளில் வைக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். வேன் படியில் நாலைந்து தடவை ஏறி இறங்குங்கள். முடிந்ததும் தொண்டைக்குழியைத் தொட்டுப் பாருங்கள். பிளேட் இறங்கியிருந்தால் தோள் பட்டையை மறுபடி பாருங்கள்.

பிளேட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. குண்டு வாங்க வேண்டிய முகத்தில் எழுதியிருக்கும், அது வெளியே பார்க்க வேண்டும். பீங்கானைத் திருப்பிப் போட்டால் நார் அடுக்கு முன்னால் வந்து, எல்லாம் வீண்.

வெயிலுக்கு

ஜாக்கெட் வேர்வையை உலரவிடாது, அதனால் உடம்பு குளிர வழியில்லாமல் போகும். பருத்திப் பனியன் நனைந்தால் நனைந்தபடியே ஒட்டி வேர்க்குருவைக் கொண்டுவரும். சீக்கிரம் உலரும் விளையாட்டு பனியன் மேல், மாற்றுக்கு ஒன்று பையில் இருக்கட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீரும், உப்புப் போட்ட நீர்மோரும் இடையிடையே குடியுங்கள். தலை சுற்றி, பேச்சு குழறினால், வியர்வை நிற்காவிட்டாலும் அது வெப்ப வாதமாக இருக்கலாம். அப்போது ஜாக்கெட்டைக் கழற்றி, உடம்பை நனைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். புதிதாகப் போடுகிறவர் முதல் வாரம் காலை டிரிப்புகளில் மட்டும் போட்டுப் பழகிக்கொண்டால் அக்னி நட்சத்திரத்தைத் தாண்டலாம்.

வாங்கும் இடத்தில்

ஆன்லைனில் ‘டேக்டிக்கல் வெஸ்ட்’ என்று சில ஆயிரத்துக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பெயின்ட்பால் விளையாட்டுக்கான துணி. உள்ளே இருப்பது ஸ்பாஞ்ச். படத்தில் அச்சு அசலாக இருக்கும். நிறுவனம் மூலமாக, தயாரிப்பாளரிடமிருந்தோ அவருடைய அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமிருந்தோ வாங்குங்கள். லேபிளில் தயாரிப்பாளர் பெயர், எந்தத் தரம், எந்த நிலை, சீரியல் எண், செய்த தேதி, உத்தரவாத முடிவு எல்லாம் இருக்க வேண்டும். சோதனை அறிக்கையைக் கேளுங்கள், அதிலுள்ள மாடல் எண் உங்கள் கையிலிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய சரக்கை, அதுவும் யார் போட்டது என்று தெரியாத பிளேட்டை, எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். சொந்தக் காசில் தனியாக வாங்க நினைக்கிறவர்கள், லைசென்ஸ் விஷயமாகப் போகும்போதே போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெளிந்துகொண்டு வாங்குவது நல்லது.

வைத்துக்கொள்ளும் முறை

துணிப்பேனலைத் துவைக்கக் கூடாது, வெயிலில் காயப்போடவும் கூடாது. பேனலுக்குள் இருக்கும் அராமிட் நாருக்கு (கெவ்லார் இந்த வகைதான்) ஈரமும் ஆகாது, நேர் வெயிலும் ஆகாது. பேனலை வெளியே எடுத்துவிட்டு உறையை மட்டும் துவையுங்கள்; பேனலை ஈரத்துணியால் துடைத்து நிழலில் படுக்கப் போடுங்கள். ஆணியில் தொங்கவிட்டால் நாளடைவில் மடிப்பு விழும். துணிப்பேனலுக்கு உத்தரவாதம் பெரும்பாலும் 5 ஆண்டு. பீங்கான் பிளேட் கை தவறி விழுந்தால் அன்றே நிறுவனத்தில் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் விரிசல் தெரியும்.

குண்டு பட்டு ஜாக்கெட் நிறுத்திவிட்டாலும் அடி உள்ளே போகும். சோதனையில் உடம்புக்குப் பதிலாக ஜாக்கெட்டுக்குப் பின்னால் களிமண் வைப்பார்கள்; தோட்டா நின்ற இடத்தில் அது 44 மி.மீ. வரை குழியலாம் என்பதே என்.ஐ.ஜே. வரம்பு. விலா எலும்பு முறியலாம், நுரையீரலில் ரத்தம் கட்டலாம். வலி இல்லை என்று ஸ்டேஷனுக்கு நடந்து போகாமல், நேராக ராஜாஜி அரசு மருத்துவமனையோ பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போய், நெஞ்சில் அடி என்று சொல்லிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கழற்றிய ஜாக்கெட்டை அப்படியே ஒரு பையில் போட்டுப் போலீஸிடம் கொடுத்துவிடுங்கள், வழக்குக்கு அது சாட்சி. மறுநாள் டிரிப்புக்கு வேறு ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள்.